முதல் புத்தகத்துக்கு யார் பணம் போடுவது? ஜேன் ஆஸ்டினின் வரவு செலவு

கதை எழுதும் நண்பர்கள் நம் வகுப்பிலேயே இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே சந்தேகம்தான். பதிப்பகத்துக்கு அனுப்பினால் அவர்கள் செலவில் போடுவார்களா, இல்லை நம்மிடமே பணம் கேட்பார்களா? பதிப்பாளர் செலவை ஏற்றுக்கொண்டு எழுத்தாளருக்கு ராயல்டி தருவதைத்தான் இன்று முறையான பதிப்பு என்கிறோம். இருநூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் நிலைமை வேறு. ஜேன் ஆஸ்டினின் கதையைப் பார்த்தால் அது நன்றாகப் புரியும்.

அப்போது சில வழிகள் இருந்தன. ஒன்று, வாசகர்களிடம் முன்கூட்டியே சந்தா வசூலித்து அச்சிடுவது. ஃபேனி பர்னியின் 'கமில்லா' 1796-ல் இப்படித்தான் வந்தது. அந்தச் சந்தாதாரர் பட்டியலில் 20 வயது ஜேனின் பெயரும் இருக்கிறது! ஆனால் பெயர் தெரியாத ஆளை நம்பி யார் சந்தா கட்டுவார்கள்? இரண்டாவது, பதிப்புரிமையை ஒரே தொகைக்கு விற்றுவிடுவது. மூன்றாவது, கமிஷன் முறை. காகிதம், அச்சு, விளம்பரம் எல்லாம் எழுத்தாளர் செலவு. பதிப்பாளர் விற்றுக் கொடுத்து கமிஷன் எடுத்துக்கொள்வார். நஷ்டம் வந்தால் எழுத்தாளர் தலையில்.

1797-ல் ஜேனின் அப்பா லண்டன் பதிப்பாளர் கேடலுக்குக் கடிதம் எழுதினார். நம் செலவில் போட்டால் எவ்வளவு ஆகும், உரிமையை வாங்கினால் எவ்வளவு தருவீர்கள் என்று இரண்டையும் கேட்டிருந்தார். கையெழுத்துப் பிரதியைப் பார்க்காமலேயே மறு தபாலில் மறுத்துவிட்டார்கள்.

1803-ல் 'சூசன்' நாவலை கிராஸ்பி என்ற பதிப்பாளர் 10 பவுண்டுக்கு வாங்கினார். விளம்பரம் வந்தது, புத்தகம் வரவில்லை. ஆறு வருடம் பொறுத்துவிட்டு, 1809-ல் ஜேன் புனைபெயரில் ஒரு காட்டமான கடிதம் எழுதினார். 10 பவுண்டைத் திருப்பிக் கொடுத்தால் பிரதியைத் தருகிறேன், வேறு யாராவது போட்டால் தடுப்பேன் என்று பதில் வந்தது. முதலில் படித்தபோது கிராஸ்பி மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. யோசித்தால் அவர் பக்கக் கணக்கும் புரிகிறது. அன்று அச்சுச் செலவில் பெரும்பகுதி காகிதத்துக்கே போகும். விற்காத நாவலை அச்சடித்து அடுக்குவதைவிட 10 பவுண்டை மறந்துவிடுவது அவருக்கு மலிவு. உரிமையை விற்ற எழுத்தாளருக்குத்தான் போக இடமில்லை.

அதனால்தானோ என்னவோ, 1811-ல் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யை ஜேன் கமிஷன் முறையில் போட்டார். பதிப்பாளர் தாமஸ் எகர்டன், ராணுவப் புத்தகங்கள் போடுகிறவர்! ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஒரு சீமாட்டி' என்று மட்டும் இருந்தது. நஷ்டம் வரும் என்று பயந்து ஜேன் தன் சொற்ப வருமானத்தில் கொஞ்சம் ஒதுக்கியும் வைத்திருந்தாராம். 1813 ஜூலைக்குள் அத்தனை பிரதிகளும் விற்று, 140 பவுண்டு லாபம் கிடைத்தது.

ஆனால் அதற்கு முன்பே, 1812 முடிவதற்குள், 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' உரிமையை எகர்டனுக்கு விற்றாகிவிட்டது. கேட்டது 150, கிடைத்தது 110 பவுண்டு. அண்ணன் ஹென்றிக்கு அலைச்சல் மிச்சம் என்று தன்னைச் சமாதானம் செய்துகொண்டார். 1813-ல் வந்த அந்த நாவல் அதே வருடம் இரண்டாம் பதிப்பும் கண்டது. அதில் ஜேனுக்கு ஒரு பென்னி கிடையாது.

சூடு கண்ட பூனை இல்லையா? 1815-ல் ஜான் மர்ரே மூன்று நாவல்களின் உரிமைக்கு 450 பவுண்டு தருவதாகச் சொன்னபோது ஜேன் மறுத்தார். 'எம்மா' கமிஷன் முறையில் 2000 பிரதிகள் அச்சானது. கூடவே போட்ட 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' இரண்டாம் பதிப்பு விற்கவில்லை. அந்த நஷ்டத்தை 'எம்மா' லாபத்தில் கழித்துக்கொண்டார்கள். அவர் உயிரோடு இருந்தவரை 'எம்மா'வால் கைக்கு வந்தது 39 பவுண்டுக்கும் குறைவு. இந்த முறை விற்றிருக்க வேண்டும்!

'சூசன்' பிரதியை 1816-ல் ஹென்றி அதே 10 பவுண்டு கொடுத்து மீட்டார். 1817 ஜூலையில் ஜேன் இறந்தார். அந்த நாவல் 'நார்த்தாங்கர் அபே' என்ற பெயரில் அந்த டிசம்பரில்தான் வெளிவந்தது. 1832-ல் பென்ட்லி என்ற பதிப்பாளர் மீதி ஐந்து நாவல்களின் உரிமையையும் ஹென்றியிடமும் அக்கா கசாண்ட்ராவிடமும் 210 பவுண்டுக்கு வாங்கினார். 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' மட்டும் எகர்டன் தரப்பிடம் இருந்தது. அதற்கு அவர் தனியாக 40 பவுண்டு கொடுக்க வேண்டியிருந்தது.