பெட்டி, பானை, கண்ணாடி

வாய் திறவாமல் அடங்கிக் கிடப்பவரைப் ‘பெட்டிப்பாம்பு’ என்பது தமிழ் வழக்கு. பிடாரன் தோளில் தொங்கிய வட்ட மூங்கில் பெட்டி தந்த சொல் அது. மூடி இறுக்கமாகப் பொருந்தும், உள்ளே சுருண்டு படுக்க மட்டுமே இடம், வெளிச்சம் புகாது. இருட்டும் நெருக்கமும் கிடைத்தால் பாம்பு அசையாமல் கிடக்கும். பிடாரனின் சாமர்த்தியம் என்று ஊர் நினைத்ததில் பாதி பாம்பின் இயல்புதான். ஆனால் அந்தப் பெட்டியில் தண்ணீர் இல்லை, உடலை நீட்ட இடமில்லை, வெயில் காயவும் வழியில்லை. பல்லைப் பிடுங்கிய நல்லபாம்பு ஒழுங்காக இரை எடுக்காது. பால் வார்ப்பது சடங்கு, பாம்புக்கு அது உணவல்ல. பெட்டிப்பாம்புக்கு ஆயுள் குறைவு. செத்தால் இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளலாம் என்ற கணக்கில்தான் அந்தத் தொழில் நடந்தது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கணக்கைச் சட்டவிரோதமாக்கியது.

அதே சட்டம் செங்கல்பட்டு வட்டார இருளர் பழங்குடியினரின் பிழைப்பிலும் கைவைத்தது. தோல் வணிகத்துக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்து வந்தவர்கள் அவர்கள். சென்னை கிண்டியில் 1972-இல் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேகரின் துணையோடு 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விடுவது அதன் வேலை. அந்த விஷத்திலிருந்துதான் விஷமுறிவு மருந்து தயாராகிறது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கும் அதன் மையத்தில், பிடிபட்ட பாம்புகள் சில வாரங்கள் தங்கும் வீடு ஒரு சாதாரண மண்பானை.

அந்தப் பானையைச் சற்று நின்று பார்ப்பது தகும். அடியில் மணல், வாயில் பருத்தித் துணி, துணியைச் சுற்றி இறுக்கிய கயிறு. துணி வழியே காற்று போகும், பாம்பு போகாது. உள்ளே ஈரம் இருந்தால் அது சுட்ட மண்ணின் நுண்துளைகளில் கசிந்து ஆவியாகி, குடிதண்ணீர்ப் பானை குளிர்வதைப் போலவே கோடையிலும் வெப்பத்தைத் தணிக்கும். உட்சுவர் வளைவாக இருப்பதால் மூக்கை முட்டித் தேய்த்துக்கொள்ள மூலை இல்லை. இருட்டு இருப்பதால் பதற்றமும் இல்லை. வாரத்துக்கு ஒரு முறையாக நான்கு முறை விஷம் எடுத்ததும், அதே பாம்பு உடனே மறுபடி பிடிபடாமலிருக்க வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டி விட்டுவிடுவார்கள். ஆண்டுக்கணக்கில் வாழ்வதற்கு இது போதாது. தற்காலிகத் தங்கலுக்கு இதைவிட மலிவான, பொருத்தமான ஏற்பாட்டைக் கண்டுபிடிப்பது கடினம்.

பாம்பைப் பார்ப்பதற்காகவே அடைத்து வைக்கும் பழக்கம் வேறொரு பாதையில் வளர்ந்தது. லண்டன் விலங்குக் காட்சிச் சாலை 1849-இல் ஊர்வனவற்றுக்கென்று தனிக் கட்டடம் திறந்தது. உலகில் இத்தகைய முதல் கட்டடம் அது. கண்ணாடிக்குப் பின்னால் பாம்பைக் கண்டு கூட்டம் வியந்தது. 1852-இல் அங்கேயே ஒரு பராமரிப்பாளர் நல்லபாம்பு கடித்து இறந்தார். பார்ப்பவருக்கு வசதியாக இருந்த கண்ணாடி, உள்ளிருந்த பாம்புக்கு ஒன்றும் செய்யவில்லை. 1927-இல் திறந்த புதிய கட்டடத்தை வடிவமைத்த ஜோன் புரோக்டர்தான் கூட்டின் ஒரு பகுதியை மட்டும் மின்சாரத்தால் சூடாக்கி, புற ஊதாக் கதிரை உள்ளே விடும் கண்ணாடியைப் பொருத்தினார். பாம்பு தன் உடல்வெப்பத்தை இடம் மாறி மாறித் தானே சீர்செய்துகொள்கிறது என்பதை 1944-இல் கௌல்ஸ், போகர்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்களின் பாலைவன ஊர்வன ஆய்வு தெளிவாக்கியது. இன்றைய தொட்டியின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருப்பது அந்த வழியில் வந்ததே.

மலாயாவில் பாம்புக்கும் மனிதனுக்கும் நடுவே பெரும்பாலும் சுவர் இருந்ததில்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுந்த பினாங்குப் பாம்புக் கோயிலில் குழிவிரியன்கள் மரக்கிளைகளில் கூண்டில்லாமல் கிடந்தன. ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் நாகம்மனுக்குக் கொடுத்த இடம் புற்று. அதற்குக் கதவே இல்லை. 1909-இல் முடிந்த ஜொகூர் மாநில ரயில் பாதையில், லாபிஸுக்கும் குளுவாங்குக்கும் இடைப்பட்ட பாலோவும் தோட்டங்கள் சூழ்ந்த ஊர்தான். பால்மரம் போய்ச் செம்பனை வந்ததும் எலி பெருகியது. எலி இருக்கும் இடத்துக்கு மலைப்பாம்பும் வரும். அதே ரயில் பாதையை ஒட்டிய சிகாமட் மாவட்டத்தில் 1995-இல் பால்மரம் வெட்டும் தொழிலாளி ஒருவரை மலைப்பாம்பு கொன்றது. ஆறு மீட்டரையும் தாண்டி வளரும் அந்த இனத்துக்கு ஓர் அறையே கூண்டாக வேண்டும். மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அதை வைத்திருக்க உரிமமும் வேண்டும். செம்பனைக் காட்டில் கண்டதைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து வளர்ப்பது இரு வகையிலும் தவறு.

வீட்டில் வளர்ப்போர் பெரும்பாலும் நாடுவது மேற்கு ஆப்பிரிக்காவின் பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பை. நன்கு வளர்ந்ததற்கு 120 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 60 உயரம் உள்ள, முன்பக்கம் திறக்கும் தொட்டி தேவை. சூடான முனை 32 பாகை செல்சியஸ் அளவிலும், மறுமுனை 26 அளவிலும் இருக்கலாம். இரு முனையிலும் உடல் உரசுமளவு நெருக்கமான மறைவிடம் வேண்டும்; பிடாரனின் பெட்டிக்கும் இருளரின் பானைக்கும் தெரிந்திருந்த விஷயம் இது. அடியில் தேங்காய்நார்த் தூள் பரப்பலாம். ஜொகூரில் குளிரைவிடப் புழுக்கமே பகை: காற்றோட்டம் குறைந்தால் பூஞ்சை பிடிக்கும், சன்னல் வெயில் பட்டால் கண்ணாடித் தொட்டி அடுப்பாகிவிடும்.

எல்லாவற்றிலும் முதலில் பார்க்க வேண்டியது பூட்டு. அமெரிக்காவின் புளோரிடாவில் செல்லப் பிராணியாக வளர்க்கப்பட்ட பர்மிய மலைப்பாம்புகள் தப்பியும், சலித்தவர்களால் விடப்பட்டும் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகின. அங்கிருந்த பாலூட்டிகளின் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது. அந்த மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்க 2017-இல் அழைக்கப்பட்டவர்கள் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்கள். 2023-இல் இந்திய அரசு அவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கியது.