செம்பனைக் கழிவில் பிறக்கும் கார்பன் புள்ளிகள்: ஒளிர்வு யாருடையது?

எண்ணெய் ஆலையில் மிஞ்சும் வெற்றுக் குலையும் கொட்டை ஓடும் கிள்ளான் பள்ளத்தாக்கின் ஆய்வுக்கூடங்களுக்கு மூலப்பொருளாகியிருக்கின்றன. பாங்கியிலுள்ள மலேசிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கொட்டை ஓட்டை மைக்ரோவேவில் சூடாக்கி ஒளிரும் கார்பன் புள்ளிகள், அதாவது சில நானோமீட்டர் அளவேயுள்ள கார்பன் துகள்கள், செய்ததை 2020இல் வெளியிட்டனர். 1917இல் கோல சிலாங்கூரின் தென்னமாராம் தோட்டத்தில் வணிகப் பயிராகத் தொடங்கிய செம்பனையில் நம் தோட்டத் தொழிலாளரின் வியர்வையும் கலந்திருக்கிறது. அதன் கழிவுக்கு மதிப்புக் கூடுவது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தருகிறது. ஆனால் இத்துறைக் கட்டுரைகள் பலவும் எந்தக் கழிவு என்பதையே முதன்மைப்படுத்துகின்றன. ஒளிர்வைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மேற்பரப்புதான் என்பது என் வாதம்.

2 நானோமீட்டர் துகளில் ஏறத்தாழப் பாதி அணுக்கள் வெளிப்புறத்தில் இருக்கும். அங்கே பிணைப்பு நிறைவுறாத அணு ஒவ்வொன்றும் ஒரு பொறி. ஒளியால் தூண்டப்பட்ட எலக்ட்ரான் அதில் சிக்கினால் ஆற்றல் வெப்பமாக வீணாகும். 1996இல் காட்மியம் செலினைடு என்னும் குறைக்கடத்திப் புள்ளிமீது துத்தநாக சல்பைடு ஓடு போர்த்தியதும், உறிஞ்சிய ஒளியில் சுமார் 50 விழுக்காடு திரும்ப ஒளிர்ந்தது. 2006இல் அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் கார்பன் துகள்கள் பளிச்சென ஒளிர்ந்தது, அவற்றின்மீது பாலிமர் பூசிய பிறகுதான். 2013இல் சிட்ரிக் அமிலத்தையும் எத்திலீன்டைஅமீனையும் சூடாக்கிச் செய்த கார்பன் புள்ளிகளில் ஆய்வாளர்கள் அதே அளவீட்டில் 80 விழுக்காட்டை எட்டினார்கள். அங்கே எந்தத் தோட்டக் கழிவும் இல்லை.

இங்கு ஒரு நியாயமான மறுப்பு எழும். அந்த 80 விழுக்காட்டில் பெரும்பங்கு புள்ளியுடையதன்று, உடன்விளைந்த சிறு மூலக்கூறுகளுடையது எனப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. இதைச் சோதிப்பது எளிது. கரைசலை, சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியேவிடும் டயாலிசிஸ் பையிலிட்டு நீரில் தொங்கவிட்டு, 365 நானோமீட்டர் புறஊதா விளக்கை அடித்துப் பார்க்கலாம். பைக்கு வெளியேயுள்ள நீர் நீலமாக மின்னினால், சிறு மூலக்கூறுகள் கசிகின்றன என்று பொருள். அந்த நீர் இருளும்வரை மாற்றிக்கொண்டே இருந்து, அதன்பிறகே 54 விழுக்காடு ஒளிரும் குயினைன் சல்பேட்டை அளவுகோலாக வைத்து அளக்க வேண்டும். இந்தப் படியைத் தாண்டிவிட்டுத் தரும் எண்ணை நான் ஏற்கமாட்டேன்.

மின் பண்பு வேறொரு சிக்கல். பாம் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய 40 விழுக்காடு ஒலியிக் அமிலம். சூரியமின்கலத்துக்கான காரீய சல்பைடு புள்ளிகளை வளர்க்கும்போது மேற்பரப்பில் ஒட்டுவதும் அதுதான். அதன் 18 கார்பன் சங்கிலி புள்ளிகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கிறது. மின்னூட்டம் தாவுவதற்கோ அதே சங்கிலி தடுப்புச் சுவர். 2011இல் டொராண்டோ பல்கலைக்கழகக் குழு அந்தச் சங்கிலிகளுக்குப் பதிலாக ஹாலைடு அயனிகளை வைத்துச் சூரியமின்கலத்தில் 6 விழுக்காட்டுத் திறன் கண்டது. ஆகவே, விளக்குக்கு ஏற்ற பூச்சு மின்கலத்துக்கும் ஏற்றதாக இருக்குமென எடுத்துக்கொள்ளக் கூடாது.

பெட்டாலிங் ஜெயாவை ஒட்டியுள்ள மலாயாப் பல்கலைக்கழகத்திலோ பாங்கியிலோ செய்யவேண்டிய சோதனைக்குப் பெருஞ்செலவில்லை. ஒரே உலையில், ஒரே வெப்பத்தில், குலை நாரையும் தூய செல்லுலோசையும் தனித்தனியே சூடாக்கி, இரண்டிலும் ஒரே அமீனை ஏற்றி, ஒரே அளவு டயாலிசிஸ் செய்து ஒப்பிட வேண்டும். நாரிலுள்ள பொட்டாசியமும் சிலிக்காவும் ஏதேனும் செய்கின்றனவா என்பது அப்போதுதான் தெரியும்.