மருந்தும் உரிமையும்

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு உரிமைச் சட்டம் ஒரு வேலி. ஆனால் அந்த வேலி நோயாளிக்கும் மருந்துக்கும் நடுவே நின்றால்?

பேடண்டுச் சட்டத்தை ஆராயும் பொறுப்பை 1957-ல் மத்திய சர்க்கார் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ராஜகோபால ஐயங்காரிடம் ஒப்படைத்தது. அன்று உரிமை பெற்றிருந்தவர்களில் பெரும்பாலோர் அந்நியர். பலர் இங்கே பொருளை உற்பத்தி செய்யவே இல்லை. மருந்துக்கு உரிமை வேண்டாம், செய்முறைக்கு மட்டும் போதும் என்று 1959-ல் அவர் அறிக்கை தந்தார். 1970-ல் அது சட்டமாயிற்று. வேறு வழியில் அதே மருந்தைச் செய்ய நம்மவர் கற்றார்கள். மருந்துத் தொழில் தழைத்தது.

உலக வர்த்தக ஒப்பந்தத்தால் 2005-ல் மருந்துக்கே உரிமை திரும்பியது. பழைய மருந்தைச் சற்றே மாற்றினால் போதாது, குணம் கூடவேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது.

வேலி வேண்டியதுதான், அது பயிரை மேயாதிருக்கவும் வேண்டும் அல்லவா?