யாழ்ப்பாணத்து வீடுகளில் குளிர்சாதனப் பெட்டி

யாழ்ப்பாணத்து வீடுகளில் குளிர்சாதனப் பெட்டியின் வரலாற்றை எழுதப் புகுபவர், முதலில் மின்சாரத்தின் வரலாற்றை எழுதவேண்டும். போர்க்காலச் செய்திகளில் படை நகர்வுகளும் பேச்சுவார்த்தைகளும் முதற்பக்கத்தைப் பிடித்துக்கொண்டன. அடுப்படி மூலையில் ஆண்டுக்கணக்காக ஓடாமல் நின்ற அந்தப் பெட்டியைப் பற்றி எவரும் எழுதியதில்லை. ஆயினும் குடாநாட்டு மக்கள் எதை இழந்தார்கள், எப்படிச் சமாளித்தார்கள் என்பதை அறிய அந்தப் பெட்டி நல்லதொரு சாட்சி.

இலங்கையின் முதற்பெரும் நீர்மின் திட்டமான லக்சபானா 1950இல் இயங்கத் தொடங்கியது. வடக்கிலே 1958இல் சுன்னாகம் டீசல் மின்நிலையம் அமைந்தது. 1969இல் இலங்கை மின்சார சபை நிறுவப்பட்டது. எனினும் மின்விளக்கு எரிந்த வீடுகளில் எல்லாம் குளிர்சாதனப் பெட்டி இருக்கவில்லை. 1970 முதல் 1977 வரையான காலத்தின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் அது வசதி படைத்தோரின் பொருளாகவே இருந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதோடு, மத்திய கிழக்கிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் பிள்ளைகள் அனுப்பிய பணமும் வந்து சேரவே, நடுத்தரக் குடும்பங்களிலும் 'பிறிஜ்' இடம்பிடித்தது. வந்தவர்க்குக் குளிர்ந்த சர்பத் கொடுப்பது ஒரு மதிப்பாயிற்று.

இந்த நிலை நெடுநாள் நீடிக்கவில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் தெற்கிலிருந்து வந்த மின்சாரம் நின்றது. எரிபொருள், பற்றரி, சீமெந்து, உரம் முதலியன தடைக்கும் கட்டுப்பாட்டுக்கும் உள்ளாயின. ஜாம் போத்தலில் திரியிட்ட சிறு விளக்கில் பிள்ளைகள் படித்தனர். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டனர். குளிர்சாதனப் பெட்டியை மட்டும் எதைக் கொண்டும் இயக்க முடியவில்லை. நான் அறிந்த வீடுகளில் அது அலுமாரியாயிற்று. எலி நுழையாத கதவு என்பதால் சிலர் அரிசியும் மாவும் வைத்தனர். சிலர் காணி உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் வைத்தனர்.

உணவைப் பொறுத்தவரை, யாழ்ப்பாணத்தார் பெரிதும் தடுமாறவில்லை என்றே சொல்லவேண்டும். வெயிலையும் உப்பையும் கொண்டு உணவைக் காப்பது அவர்களின் பழைய கல்வி. ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு, கருவாடு, மோர் மிளகாய், வடகம் என்று நீளும் அந்தப் பட்டியலில் குளிரூட்டலுக்கு வேலையே இல்லை. அன்று பிடித்த மீனை அன்றே சமைத்தனர், மிஞ்சியதைக் காயவிட்டனர்.

துன்பம் வேறிடத்தில் இருந்தது. நீரிழிவு நோயாளருக்கான இன்சுலினை, திறக்கும்வரை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் வைத்திருக்கவேண்டும். திறந்த குப்பி, பொதுவாக 25 அல்லது 30 பாகைக்கு மேற்படாத இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும். யாழ்ப்பாணத்துக் கோடைப் பகலில் 30 பாகை சாதாரணம். குழந்தைகளின் தடுப்பு மருந்துகளுக்கும் இரத்த வங்கிக்கும் இதே சிக்கல். 1990 நவம்பர் முதல் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் பாதுகாப்பில் இயங்கிய யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு மருந்து வருவது ஒரு போராட்டம் என்றால், வந்த மருந்தை வீட்டிலே கெடாமல் வைத்திருப்பது மற்றொரு போராட்டம்.

ஏழை வீட்டுக்கு எட்டிய வழி மண்பானை. பானையில் ஈரமணலிட்டு, அதனுள் சிறு சட்டியில் மருந்துக் குப்பியை வைத்து, ஈரச்சாக்கால் மூடி நிழலில் வைப்பார்கள். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதால் உள்ளே குளிர்கிறது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் இது நன்றாக வேலை செய்யும். காற்றில் ஈரம் மிகும் மாரியில் பயன் குறையும். எவ்வாறாயினும் பானை 8 பாகைக்கு இறக்கித் தராது. பயன்பாட்டிலுள்ள குப்பியைச் சில வாரம் காக்கும், அவ்வளவே.

மண்ணெண்ணெய்க் குளிர்சாதனப் பெட்டி என்ற ஒன்றும் உண்டு. 1922இல் ஸ்வீடனில் பிளாட்டன், முன்டர்ஸ் என்னும் இரு மாணவர்கள் கண்ட முறை அது. அடியில் எரியும் சுடர், நீரில் கரைந்த அமோனியாவைப் பிரித்தெடுத்துச் சுழலச் செய்கிறது. சுழலும் பொறி எதுவும் அதில் இல்லை. மின்சாரம் எட்டாத நாடுகளில் தடுப்பு மருந்தைக் காத்தது இந்தப் பெட்டிதான். ஆனால் சுடர் நீலமாக எரியவேண்டும். புகைக்குழாயில் கரி படியலாகாது. பெட்டி மட்டம் பிசகாது நிற்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாள்தோறும் மண்ணெண்ணெய் வேண்டும். விளக்குக்கும் தோட்டத்து நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மண்ணெண்ணெயையே நம்பியிருந்த ஊரில் அது எத்தனை பேருக்குக் கைகூடும்?

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது பெட்டிகள் வீடுகளிலேயே விடப்பட்டன. 1996இல் மக்கள் திரும்பிய பின்னர், டீசல் மின்பிறப்பாக்கிகளின் உதவியோடு மின்சாரம் படிப்படியாகத் திரும்பியது. எஞ்சிய பெட்டிகளை இயக்க முயன்றபோதுதான் புதிய சிக்கல்கள் தலைகாட்டின. பயன்படுத்தித் தேய்ந்ததால் வந்த பழுதுகள் அல்ல அவை. பயன்படுத்தாமல் விட்டதால் வந்தவை. கதவின் றப்பர் விறைத்து வெடித்திருந்தது. உப்புக்காற்றில் பின்புறக் கம்பிச்சுருள் துருப்பிடித்து வாயு கசிந்திருந்தது. கொம்பிறசரின் மோட்டார் இறுகியிருந்தது. வயர்களை எலி கடித்திருந்தது.

அத்தோடு மின்னழுத்தமும் நிலையாக இருக்கவில்லை. எமது மின்சாரம் 230 வோல்ட். மோட்டாரின் புறப்பாட்டு வலு மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே 160 வோல்ட் வந்தால் வலு பாதிக்கும் கீழே போய்விடும். கொம்பிறசர் உறுமிவிட்டு நின்றுவிடும். 'டிக்' என்ற ஒலியோடு பாதுகாப்பு ஆளி விழும். மீண்டும் மீண்டும் இவ்வாறு நடந்தால் சுருள் கருகும். மின்சாரம் வந்த உடனே பெட்டியை இயக்காமல் ஐந்து நிமிடம் பொறுப்பது என்ற பழக்கம் இதனோடு தொடர்புடையது. உள்ளே இருபுற அழுத்தமும் சமப்பட அந்த இடைவெளி தேவை.

இதில் ஒரு முரணும் உண்டு. ஓசோன் படலத்தைக் காக்கும் மொன்றியல் உடன்படிக்கை 1987இல் கைச்சாத்தானது. 1989இல் இலங்கையும் அதில் இணைந்தது. பழைய பெட்டிகளின் R-12 வாயுவை உலகம் கைவிடத் தொடங்கிய ஆண்டுகளில் இங்கே பெட்டிகளே இயங்கவில்லை. அவற்றை எழுப்ப முயன்ற காலத்தில் அந்த வாயு அரிதாகிக்கொண்டிருந்தது. வளர்முக நாடுகளில் 2010 தொடக்கத்தோடு அதன் உற்பத்தியும் முடிவுக்கு வந்தது. இன்றைய புதிய பெட்டிகள் பலவற்றில் உள்ள R-600a தீப்பற்றக்கூடியது. ஆகவே பழைய பழக்கத்தில் சுடரோடு குழாயை அணுகுவது ஆபத்து.

2013இல் குடாநாடு தேசிய மின்வலையமைப்போடு மீண்டும் இணைந்தது. ஒன்பது ஆண்டுகளின் பின், 2022 மார்ச் இறுதியில், பொருளாதார நெருக்கடியால் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு வந்தது. தெற்கிலிருந்த நண்பர்கள் பதறியபோது யாழ்ப்பாணத்து மூத்த தலைமுறை பதறவில்லை. செய்யவேண்டியதை அது அறிந்திருந்தது.

அந்த அறிவு எளிமையானது. புலம்பெயர்ந்த வாசகர்க்கும் பயன்படும். ஒரு கிலோ பனி உருகும்போது உறிஞ்சும் வெப்பம், அதே அளவு நீர் ஒரு பாகை சூடேற உறிஞ்சுவதைப்போல் ஏறத்தாழ 80 மடங்கு. ஆதலால் மேலறையில் காலியிடம் விடாமல் நீர்ப் போத்தல்களை உறையவிட்டு வைத்தால், மின்வெட்டிலும் குளிர் தங்கும். கதவைத் திறவாதிருந்தால் கீழறை நான்கு மணிநேரம் தாங்கும். ஒரு தாளைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் றப்பர் பழுது. பின்புறச் சுருளின் தூசியை ஆறு மாதத்துக்கொருமுறை, மின் இணைப்பைக் கழற்றிவிட்டுத் துடையுங்கள். நெடுநாள் வீட்டைப் பூட்டிச் செல்வோர் பெட்டியைக் காயவைத்து, கதவைச் சற்றுத் திறந்தே விட்டுச் செல்லவேண்டும். இன்சுலினை உறைபெட்டிக்கு அருகில் வைக்கவே கூடாது. ஒருமுறை உறைந்த மருந்து பயனற்றது.

தடையிலும் இடப்பெயர்விலும் உயிரிழந்தோரின் கணக்கில், மருந்து கெட்டதால் இறந்தவர்கள் தனியே எண்ணப்படவில்லை. அவர்கள் நீரிழிவு நோயால் மாண்டவர்களாகவே அடக்கம் பெற்றார்கள். அவர்களை அறிந்த தாதியரும் மருந்தாளரும், அந்தப் பெட்டிகளைத் திருத்திய கைவினைஞரும் இன்று முதுமையில் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் சொல்வதைத் தேதியோடும் இடத்தோடும் எழுதி வையுங்கள்.