ஏட்டுத் துளையும் விக்கிப் படிமமும்

ஆவடியின் வரலாற்றை விக்கிப்பீடியாக் கட்டுரையாக எழுதப் புகுவார் இரு படங்களை நாடுதல் இயல்பு. ஒன்று, 1955 சனவரியில் ஆங்குக் கூடிய காங்கிரசு மாநாட்டின் படம். மற்றொன்று, அவ்வூர்க் கனரக ஊர்தித் தொழிற்சாலையினின்று 1965இல் முதன்முதல் வெளிப்போந்த விசயந்தா டாங்கியின் படம். மாநாட்டுப் பத்தி சிறிதாய், படம் நெடிதாய் அமையின், படம் தன் பத்தியைக் கடந்திறங்கித் தொழிற்சாலைத் தலைப்பின் அருகே நிற்கும். சமதருமப் பாங்கான சமுதாயத்துக்குத் தீர்மானம் இயற்றிய பெருமக்கள் டாங்கியின் வரலாற்றுக்குச் சான்றாவர்! டாங்கியோ அதன்கீழ்த் தள்ளுண்டு வேறொரு செய்திக்குத் துணைபோகும். இது வெறும் அழகுக் குறையன்று. சான்று இடம்பெயர்தலாகிய பிழை.

எழுத்து பிறிதொன்றுக்கு விலகி இடந்தருதல் தமிழுக்குப் புதிதன்று. ஏடெழுதியோர் கயிறு கோக்கும் துளையைச் சுற்றி வெற்றிடம் விட்டு வரியைத் தொடர்ந்தனர். செப்பேடுகளிலும் வளையத் துளைக்கு எழுத்து விலகக் காணலாம். ஆவடி வழியாக அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையை அடுத்த திருவாலங்காட்டில் 1905இல் கிடைத்த முதலாம் இராசேந்திரன் செப்பேட்டின் 31 இதழ்களும் ஒரு வளையத்திற் கோக்கப்பட்டவையே. துளையின் இடமும் ஏட்டின் அகலமும் எழுதுவோன் கண்முன் இருந்தன. அச்சுக்கோப்பாளனுக்கும் அவ்வாறே.

விக்கியில் அந்நிலை இல்லை. பக்கத்தின் அகலத்தைப் படிப்பவரது திரை வகுக்கின்றது. எழுதுவோர் தருவது விதி ஒன்றே. வலைப்பக்கத் தோற்றத்துக்குரிய சி.எஸ்.எஸ். நெறி 1996 திசம்பரில் வெளியானபோதே, படத்தை ஒருபுறம் ஒதுக்கி எழுத்தை மறுபுறம் ஓடவிடும் விதியும், அவ்வோட்டத்தை நிறுத்தும் விதியும் அதன்கண் இடம்பெற்றன. 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியா அவற்றை எளிய குறியீட்டால் ஆள்கின்றது. இரட்டைச் சதுர அடைப்பினுள் ‘படிமம்’ என்னுஞ் சொல், முக்காற்புள்ளி, கோப்பின் பெயர் ஆகியன முறையே நிற்கும். பின்னர் நெடுங்கோடுகளிடையே பக்கம், அளவு, விளக்கம் என்பன வரும். பக்கம் குறியாது சிறுபடமாக இடின், அது வலப்புறம் ஒதுங்கும்.

ஓட்டத்தை நிறுத்தக் ‘கிளியர்’ என்னும் வார்ப்புரு உண்டு. தொழிற்சாலைத் தலைப்பின் முன்னர் அதனை இட்டால், மாநாட்டுப் படம் முடிந்த பின்னரே தலைப்புத் தொடங்கும். ஆயின் அகன்ற திரையில் இடையே பெரும்பாழ் விழும். ஒவ்வொரு தலைப்பின் முன்னும் இதனை இட்டுச் செல்வாரும் உளர். அது நோயினும் மருந்து கொடிதாதல் போலும். மாநாட்டைப் பற்றி இன்னும் நான்கு வரி எழுதுதலே நேர்வழி என்பது எம் கருத்து. எழுதுதற்குச் செய்தியா இல்லை?

கைப்பேசியின் குறுந்திரையில் இவ்விலகல் பெரும்பாலும் கைவிடப்படுகின்றது. படம் தனித்து நிற்க, எழுத்து அதன் மேலும் கீழும் அமைகின்றது. ஆண்டு ‘வலப்புறப் படம் காண்க’ என்னுந் தொடர் பொருளிழக்கும். குறியீட்டுள் படம் எப்பத்திக்கு முன் வைக்கப்பட்டது என்னும் வரிசையே எஞ்சும். ஆதலின் மாநாட்டுப் படத்தை அதன் தலைப்புக்குள்ளேயே, உரிய பத்திக்கு முன்னர் வைத்து, ‘ஆவடி, 1955’ என விளக்கத்தில் எழுதிவிடல் வேண்டும்.