சுவருக்கு அப்பால்: கதிர்வீச்சுக் கணிப்பு முறையின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கப்படும் அறையின் சுவர் பெரும்பாலும் ஒரு மீற்றருக்கும் மேற்பட்ட தடிப்புடைய கொங்கிறீற்றால் ஆனது. இத்தடிப்பைத் தீர்மானித்தல் பௌதிகவியலாளரின் அலுவலெனக் கருதி, வரலாற்று மாணவர் அதனை விட்டுவிடுதல் வழக்கம். ஆயினும் அக்கணிப்பு முறை எங்கிருந்து வந்தது, அதிற் சுவருக்கு அப்பால் நிற்கும் மனிதர் எவ்வாறு எண்ணப்பட்டனர் ஆகிய இரு வினாக்களும் சமூக வரலாற்றுக்கும் உரியன என்பதே எமது கருத்தாகும்.

றொன்ற்ஜன் 1895 இல் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்த பின்னர், நீண்ட காலம் கதிர்வீச்சின் அளவுகோலாக விளங்கியது மனிதத் தோலே. தோல் எப்போது சிவக்கின்றது என்பதைக் கொண்டே அளவு மதிப்பிடப்பட்டது. எடிசனின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய கிளாரன்ஸ் டாலி இரு கைகளையும் இழந்து 1904 இல் மரணமடைந்தார். பாதுகாப்புக்கான சர்வதேசக் குழு ஸ்டொக்ஹோமில் அமைக்கப்பட்டது 1928 இலேதான்.

1951 இற் கனடாவிற் கோபோல்ற்று-60 சிகிச்சை தொடங்கியபோது சுவர் பற்றிய பிரச்சினை புதிய பரிமாணம் பெற்றது. இம்மூலகத்தின் காமாக் கதிர்களைப் பாதியாகக் குறைப்பதற்கு ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர் கொங்கிறீற்று வேண்டும். பத்துமுறை பாதியாக்கின் ஆயிரத்தில் ஒரு பங்கே எஞ்சும். இவ்வளவிற் கணக்கு எளிது. ஆனாற் கதிர்கள் நேர்கோட்டில் மாத்திரம் செல்வதில்லை. நோயாளியின் உடலிலும் சுவரிலும் சிதறி, வாயிலை நோக்கி வளைந்து செல்லும் நடைபாதையிற் பலமுறை மோதி வெளியேறுகின்றன. பத்து மில்லியன் வோல்ற்றுக்கு மேற்பட்ட ஆர்முடுக்கிப் பொறிகளில் நியூத்திரன்களும் தோன்றுகின்றன. இத்தகைய பாதைகளை எளிய சூத்திரங்களால் முற்றாகப் பின்தொடர்தல் இயலாது.

அவற்றைப் பின்தொடரும் முறை மருத்துவமனையிற் பிறந்ததன்று. 1946 இல், நோயிலிருந்து தேறிவந்த கணிதவியலாளர் ஸ்டானிஸ்லோ உலாம் தனியே சீட்டாடிக்கொண்டிருந்தார். ஆட்டம் வெல்லும் வாய்ப்பினைச் சூத்திரத்தாற் காண்பதைவிடப் பன்முறை ஆடிப்பார்த்து எண்ணுதல் இலகுவென அவருக்குத் தோன்றியது. ஜோன் வொன் நியூமன் 1947 மார்ச்சில் றொபேட் றிச்மையருக்கு எழுதிய கடிதத்தில் இவ்வெண்ணம் நியூத்திரன்களுக்குரிய திட்டமாயிற்று. ஒவ்வொரு துணிக்கையும் எங்கே மோதும், உறிஞ்சப்படுமா, எத்திசையிற் சிதறும் என்பனவற்றை எழுமாற்று எண்களாற் தீர்மானித்து, அதன் வாழ்க்கையை முடிவு வரை தொடர்தலே அத்திட்டம். அணுகுண்டினுட் தொடர்தாக்கம் எவ்வாறு பரவும் என்பதே அப்போது விடை காணவேண்டிய வினாவாக இருந்தது. சூதாட்ட நகரான மொன்ரே காலோவின் பெயரை இம்முறைக்குச் சூட்டியவர் நிக்கலஸ் மெற்றோபோலிஸ்.

1948 இல் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்களைக் கொண்ட எனியாக் கணனியில் இக்கணிப்பு முதன்முதல் நிகழ்த்தப்பட்டது. அதற்கான கட்டளைத் தொடர்களை ஆக்குவதிலும் பொறியருகே நின்று அவற்றை இயக்குவதிலும் முதன்மைப் பங்காற்றியவர் கிளாரா வொன் நியூமன். 1949 இல் வெளிவந்து இம்முறையை உலகறியச் செய்த கட்டுரையில் மெற்றோபோலிஸ், உலாம் ஆகிய இருவரே ஆசிரியர்கள். உழைப்பு ஒருவரதாகவும் பெயர் பிறரதாகவும் அமைவது தொழிற்சாலைக்கு மாத்திரம் உரிய நிகழ்வன்று என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது.

சுவரைப் பொறுத்தவரை இம்முறைக்கு உள்ளார்ந்த இடர்ப்பாடொன்று உண்டு. நல்ல சுவரைக் கடந்து வெளிவருவது இலட்சத்தில் ஒரு துணிக்கையாயின், ஏனையவற்றைத் தொடர்ந்த உழைப்பெல்லாம் பெரும்பாலும் வீணே. எனவே அப்பாற் செல்லக்கூடிய துணிக்கைகளைப் பலவாகப் பிளந்து நிறை குறைத்தும், பயனற்றவற்றைச் சூதாட்ட விதிப்படி நீக்கியும் கணிக்கும் உத்திகள் தொடக்க காலத்திலேயே உருவாயின. அணுகுண்டு உருவான லொஸ் அலமொஸ் ஆய்வுகூடமே பின்னர் எம்சிஎன்பி என்னும் நிரற்றொகுப்பினை ஆக்கியது. இன்று சிகிச்சை அறைகளின் நடைபாதைகளும் கதவுகளும் அதனைக் கொண்டு ஆராயப்படுகின்றன.

ஆயின் துணிக்கையின் பாதையை எவ்வளவு நுணுக்கமாகத் தொடரினும், சுவரின் தடிப்பு அதனால் மாத்திரம் முடிவாவதில்லை. அப்பால் எவர், எவ்வளவு நேரம் இருப்பார் என்ற எண்ணும் வேண்டும். அமெரிக்கக் கதிர்வீச்சுப் பாதுகாப்புச் சபை 1976 இல் வெளியிட்ட 49 ஆம் அறிக்கை, அலுவலகங்களுக்கும் நோயாளர் விடுதிகளுக்கும் 1 எனவும், தாழ்வாரங்களுக்கு 1/4 எனவும், காத்திருக்கும் அறைகளுக்கும் துப்புரவுத் தொழிலாளரின் பொருளறைகளுக்கும் 1/16 எனவும் விதந்துரைத்தது. 1/16 என்பதன் பொருளை நாம் கொங்கிறீற்றாக மாற்றிப் பார்க்கலாம். பதினாறு என்பது நான்கு முறை இரட்டித்தல். எனவே கோபோல்ற்று அறையொன்றின் சுவரில் ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் குறைக்கப்படலாம்.

நாள்முழுதும் காத்திருக்கும் நோயாளியின் உறவினர் சில வாரங்களில் அகன்றுவிடுவார் என இதற்கு விடை கூறலாம். அது நியாயமானதே. ஆனால் அதே கூடத்தில் ஆண்டு முழுவதும் வாங்கில் அமர்ந்து இலக்கச் சீட்டு வழங்கும் ஊழியருக்கு அவ்விடை பொருந்தாது. 2005 இல் வெளிவந்த 151 ஆம் அறிக்கை இவ்விடத்திற் பிரிவினை செய்தது. ஊழியர் அமர்ந்துள்ள காத்திருப்புக் கூடம் 1 என்னும் முழு எண்ணைப் பெற்றது. ஊழியரற்ற கூடத்துக்கு 1/20 விதிக்கப்பட்டது. கட்டட வரைபடத்தில் அக்கூடம் எவ்வகையினதெனக் குறிக்கப்படுகின்றது என்பதை எந்தக் கணனியும் சரிபார்ப்பதில்லை.