முன்பாரம், பின்பாரம்: அமெரிக்க டிரெய்லரின் கதை

எங்க ஊர்ல டிரெய்லர்னா டிராக்டருக்குப் பின்னாடி மாட்டுற பெட்டி. டவுன்ல இருக்கிற நண்பர்களுக்கு அந்த வார்த்தையைக் கேட்டதும் சினிமாதான் ஞாபகம் வரும். இந்தப் பதிவு ரெண்டையும் பத்தி இல்லீங்க. அமெரிக்காவுல லீவு நாள்ல காடு, மலை, மணல்மேடுன்னு தங்கப் போறவங்க, பிக்கப் டிரக்குக்குப் பின்னாடி மாட்டி இழுத்துக்கிட்டுப் போற டிரெய்லரைப் பத்தினது.

எனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னா, என் தங்கச்சி மகன் டெக்சாஸ்ல இருக்கான். ரெண்டு குவாடு பைக் வாங்கிட்டான். நாலு தடிச்ச டயரும், பைக் மாதிரி ஹேண்டில்பாரும், ஏறி உட்கார ஒரு சீட்டும் இருக்குமே, அந்த வண்டி. அதையும் ஏத்திக்கிட்டு, பொண்டாட்டி, ரெண்டு குழந்தைகளோட போய் ராத்திரி தங்கணும். மூணு டிரெய்லர் படம் அனுப்பி, "மாமா, இதுல எதை எடுக்கலாம்? நீங்கதான் முப்பது வருசமா டிரெய்லர் இழுக்கறீங்களே"ன்னு கேட்டான். கிண்டலாக் கேட்டானோ நெசமாக் கேட்டானோ, நான் உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சுட்டேன். படிச்சுக்கிட்டே பின்னால போனா, கதை கடைசியில மாட்டு வண்டியில போய் நிக்குது.

அமெரிக்காவுக்குப் போறதுக்கு முன்னாடி நம்ம வண்டியைப் பத்தி ஒரு விசயம் சொல்லிடறேன். அது இல்லாம மிச்சம் புரியாது. நம்ம பார வண்டிக்கு ரெண்டே சக்கரம். அச்சுக்கு முன்னாடி கொஞ்சம் சுமை, பின்னாடி கொஞ்சம் சுமை. முன்னாடி அதிகமானா அது முன்பாரம். நுகத்தடி மாட்டுக் கழுத்தை அழுத்தும், நாலு நாள்ல கழுத்து புண்ணாயிடும். பின்னாடி அதிகமானா பின்பாரம். ஏர்க்கால் மேல தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டோட தொண்டையை இறுக்கும். ரெண்டுல பின்பாரம்தான் ஆபத்து. எங்க அப்பாரு பருத்தி மூட்டை ஏத்தி முடிச்சதும் ஏர்க்காலை ஒரு கையால தூக்கிப் பார்ப்பாரு. கொஞ்சம் கனமாத் தெரியணும், ஆனா தூக்க முடியணும். அதுதான் கணக்கு. மேடு ஏறும்போது நகர்ந்து முன்னாடி வந்து உட்காருவாரு. இறக்கத்துல பின்னாடி தள்ளிக்குவாரு. தன் உடம்பையே எடைக்கல்லா வச்சுக்கிட்ட மனுசன்.

இப்ப அமெரிக்கா. 1840-களில் இருந்து சுமார் இருபது, முப்பது வருசம், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மிசௌரியில இருந்து ஓரிகன் வரைக்கும் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர் வண்டி கட்டிக்கிட்டுப் போயிருக்காங்க. சினிமாவுல குதிரை பூட்டிக் காட்டுவாங்க. உண்மையில பெரும்பாலான வண்டிகளை இழுத்தது எருதுங்கதான். குதிரையைவிட மெதுவு, ஆனா வழியில கிடைக்கிற புல்லைத் தின்னுட்டு இழுக்கும், விலையும் குறைவு. மாடு வளர்த்தவனுக்கு இது ஆச்சரியமா இருக்காது.

கித்தான் துணி போர்த்தின அந்த வண்டியிலதான் குடும்பமே உட்கார்ந்து போச்சுன்னு நினைப்போம். இல்லை. பெரும்பாலானவங்க கூடவே நடந்தாங்க. நாலைஞ்சு மாசம் நடை. வண்டி முழுக்க மாவு மூட்டை, உப்புக் கண்டம், கலப்பை, விதை. ஒரு டன்னுக்கு மேல ஏத்தினா மாடு மலை ஏறாது. அது தெரியாம பாட்டி காலத்து அலமாரி, இரும்பு அடுப்பு, பீரோன்னு ஏத்திக்கிட்டுக் கிளம்பினவங்க பாதி வழியில எறக்கிப் போட்டுட்டுப் போயிருக்காங்க. அந்தப் பாதை ஓரமெல்லாம் சாமான் கிடந்ததா அந்தக் காலத்து நாட்குறிப்புகள் சொல்லுது. எதை ஏத்தறது, எதை விடறதுங்கிற கேள்வி அப்பவே ஆரம்பிச்சாச்சு.

அந்த வண்டிகளுக்கு நாலு சக்கரம். இது முக்கியம். நாலு சக்கர வண்டி தன் எடையைத் தானே தாங்கிக்கும். எருது இழுத்தாப் போதும், சுமக்க வேண்டியதில்லை. அதனால நம்ம ஆளுங்க மாதிரி முன்பாரம் பார்க்கிற பழக்கம் அங்க பெருசா தேவைப்படலைன்னு நான் நினைக்கிறேன்.

1866-ல டெக்சாஸ்ல சார்லஸ் குட்நைட்னு ஒரு மாட்டுப் பண்ணைக்காரர், பட்டாளத்துல கழிச்சுக்கட்டின ஸ்டூடிபேக்கர் வண்டி ஒண்ணை வாங்கி, பின்பக்கம் அடுக்கடுக்கா அறை வச்ச ஒரு பெட்டியை மாட்டினாரு. மூடியை இறக்கினா அதுவே மேசை. ஆயிரக்கணக்குல மாடு ஓட்டிக்கிட்டு மாசக்கணக்கா போற ஆளுங்களுக்கு நடமாடும் சமையக்கட்டு. இன்னைக்கும் சின்ன கேம்பிங் டிரெய்லர்கள்ல பின்பக்கக் கதவைத் தூக்கினா அடுப்பும் மேசையும் இருக்கும். யோசனை அந்த மாட்டுக்காரரோடது மாதிரியேதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டம் 1914. டெட்ராய்ட்ல ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப்னு ஒரு கொல்லர். லாடம் அடிக்கிறதும் வண்டி செய்யறதும் தொழில். அந்த ஊர்லதான் ஹென்றி ஃபோர்டு லட்சக்கணக்குல காரை உருட்டி விட்டுக்கிட்டு இருந்தாரு. கொல்லர்களுக்கு இனி என்ன வேலைன்னு இருந்த நேரம். அப்ப சிப்லின்னு ஒரு மர வியாபாரி வந்து, "ஏரிக்கரையில இருக்கிற என் இடத்துக்குப் படகைக் கொண்டு போகணும். என் ஃபோர்டு காருக்குப் பின்னாடி இழுக்கிற மாதிரி ஒண்ணு செஞ்சு குடு"ங்கற மாதிரி கேட்டிருக்காரு. கவனிச்சீங்களா? லீவுக்குப் போற இடத்துக்கு, விளையாட்டுச் சாமானை, வண்டிக்குப் பின்னாடி இழுத்துக்கிட்டுப் போகணும். என் மாப்பிள்ளை கேட்ட அதே கேள்வி, 100 வருசத்துக்கு முன்னாடி.

ஃப்ரூஹாஃப் செஞ்சது ரெண்டு சக்கரத்துல ஒரு சட்டம், முன்னாடி ஒரு நீளமான தடி. அந்தத் தடியைக் காரோட பின்பக்கம் மாட்டினாரு. படத்தைப் பார்த்தப்ப எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஏர்க்கால்! முன்சக்கரம் கிடையாது, முன்பாதி எடை கார் மேல சாயுது, நம்ம வண்டி மாட்டுக் கழுத்துல சாயற மாதிரி. படகு நல்லாப் போய்ச் சேரவே, சிப்லி தன்னோட மரக்கட்டை ஏத்தவும் அதே மாதிரி செய்யச் சொன்னாரு. அதுக்கு 'செமி டிரெய்லர்'னு பேர் வச்சாரு ஃப்ரூஹாஃப். பாதி டிரெய்லர்னு அர்த்தம். மீதிப் பாதியை முன்னால போற வண்டி தாங்குது. இன்னைக்கு உலகம் பூரா ரோட்டுல ஓடற பெரிய கண்டெய்னர் லாரிக்கும் இதுதான் அடிப்படை. ஒரு ஆளோட உல்லாசப் படகுக்காக ஆரம்பிச்ச வேலை.

அதே ஃபோர்டு, எடிசன், டயர்க்காரர் ஃபயர்ஸ்டோன் மூணு பேரும் 1910-களிலும் 1920-களின் தொடக்கத்திலும் வருசா வருசம் கூடாரம் அடிச்சுத் தங்கப் போனாங்க. சமையலுக்குத் தனி வண்டி, வேலையாட்கள்னு ராஜ தோரணை. 1921-ல ஜனாதிபதி ஹார்டிங்கும் போய்ச் சேர்ந்துக்கிட்டாரு. பேப்பர்ல படம் வந்து, சாதாரண ஜனங்களுக்கும் ஆசை வந்துருச்சு. 1929-ல ஆர்தர் ஷெர்மன்னு ஒரு நுண்ணுயிர் ஆராய்ச்சியாளர், கூடார டிரெய்லர் ஒண்ணை வாங்கிக் குடும்பத்தோட போயிருக்காரு. மழை கொட்டிருச்சு, கூடாரத்தை விரிக்கறதுக்குள்ள எல்லாரும் தொப்பலா நனைஞ்சாச்சு. கோபத்துல தானே பலகை அடிச்சு ஒரு பெட்டி வீடு செஞ்சு, ஓரிகன் போன வண்டியோட ஞாபகமா 'கவர்டு வேகன்'னு பேர் வச்சு விக்கவே ஆரம்பிச்சுட்டாரு. ஏழெட்டு வருசத்துக்குள்ள அந்த நாட்டோட பெரிய டிரெய்லர் கம்பெனிகள்ல அது ஒண்ணாயிருச்சு.

குவாடு வண்டி வந்தது ரொம்பப் பிந்தி. குளிர்காலத்துல மோட்டார் பைக் விக்காததால, பனியிலயும் மணல்லயும் ஓடற மாதிரி ஒண்ணு வேணும்னு அமெரிக்க ஹோண்டா ஆளுங்க கேட்க, 1970-ல பலூன் டயர் போட்ட மூணு சக்கர வண்டி வந்துச்சு. மறு வருசம் ஜேம்ஸ் பாண்ட் படத்துல ஓட்டிக் காட்டினாங்க. மூணு சக்கரம் திருப்பத்துல கவிழும். ஏகப்பட்ட பேர், அதுலயும் நிறைய பசங்க, அடிபட்டுச் செத்தாங்க. 1988-ல அரசாங்கத்தோட செஞ்ச ஒப்பந்தப்படி கம்பெனிகள் மூணு சக்கரத்தை விக்கறதையே நிறுத்திட்டாங்க. அதுக்குள்ள சுசூகி நாலு சக்கரத்துல கொண்டு வந்தாச்சு. விளையாட்டு வண்டின்னு பேர்தானே ஒழிய, அதை அதிகம் பயன்படுத்தறதுல விவசாயிகளும் உண்டு. வேலி பார்க்க, தீவனம் போட, கன்னுக்குட்டியைத் தேட.

ஒரு குவாடு 250-ல இருந்து 350 கிலோ. கலிபோர்னியாவோட இம்பீரியல் மணல்மேடு மாதிரி இடத்துல தங்க ரூம் கிடைக்கறது கஷ்டம். குவாடும் வரணும், படுக்கையும் வரணும். அப்படிப் பிறந்ததுதான் 'டாய் ஹாலர்'. பொம்மை தூக்கின்னு தமிழ்ல சொல்லிக்கலாம். பின்சுவர் அப்படியே கீழ இறங்கிச் சாய்தளமாகும். குவாடை உருட்டி உள்ள ஏத்தலாம். முன்பக்கம் சமையக்கட்டு, கட்டில். போய்ச் சேர்ந்ததும் குவாடை இறக்கிட்டா அந்த இடம் கூடம். விட்டத்துல இருந்து கட்டில் இறங்கும். மாப்பிள்ளை அனுப்பின படத்துல அவன் மனசு நின்னது இதுலதான்.

எனக்கு முதல்ல கண்ணுல பட்டது, குவாடு நிக்கற இடம். அச்சுக்குப் பின்னாடி. பின்பாரம்!

செய்யறவங்களுக்கும் இது தெரியும். அதனால அச்சைப் பின்னாடி தள்ளி வச்சு, காலியா இருக்கும்போதே முன்பாரம் கூடுதலா இருக்கிற மாதிரி செய்யறாங்க. குவாடு ஏறினா சமமாகும். ஆனா தண்ணித் தொட்டி எங்க இருக்கு, அது நிறைஞ்சிருக்கா, பின்னாடி இன்னும் எதை எல்லாம் திணிச்சிருக்கோம்ங்கறதைப் பொறுத்து எல்லாம் மாறும். அங்க அனுபவஸ்தர்கள் சொல்ற கணக்கு, டிரெய்லரோட மொத்த எடையில 10-ல இருந்து 15 சதவீதம் கொக்கி மேல உட்காரணும். அப்பாரு ஏர்க்காலைத் தூக்கிப் பார்த்தது இதைத்தான். அதுக்குக் கீழ போனா, பக்கத்துல ஒரு லாரி கடந்து போற காத்துக்கே டிரெய்லர் வால் ஆட ஆரம்பிக்கும். வேகம் கூடக்கூட ஒவ்வொரு ஆட்டமும் பெருசாகி, கடைசியில டிரக்கையே இழுத்துத் திருப்பிப் போட்டுரும். மாடா இருந்தா நின்னுக்கும். 100 கிலோமீட்டர் வேகத்துல போற டிரக் நிக்காது. பதறி பிரேக்கை மிதிச்சா, பின்னாடி இருக்கிறது முன்னாடி தள்ளி இன்னும் மோசமாகும். ஆக்சிலேட்டரை விட்டுட்டு, டிரெய்லருக்குன்னு தனியா இருக்கிற பிரேக்கை மட்டும் கையால பிடிக்கணும்.

சரி, முன்பாரம் சரியா இருக்குன்னே வச்சுக்குவோம். அதைத் தாங்கற மாடு எது? மாப்பிள்ளையோட டிரக்கை அங்க 'அரை டன்'னு சொல்றாங்க. அந்தக் காலத்துல அரை டன் தாங்கின வண்டிக்கு வச்ச பேர். பேர் மட்டும் நின்னுருச்சு. உண்மையான கணக்கு டிரைவர் கதவை ஒட்டின சட்டத்துல ஒட்டியிருக்கும். அதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஏறக்குறைய 700 கிலோ. விளம்பரத்துல இந்த டிரக் 4 டன்னுக்கு மேல இழுக்கும்னு போட்டிருக்கான். இழுக்கும், நான் இல்லைங்கலை. ஆனா தாங்கணுமே. சின்ன டாய் ஹாலரே காலியா 2 டன்னுக்கு மேல. ரெண்டு குவாடு, தண்ணி, சிலிண்டர், சாமான் எல்லாம் சேர்த்து 3,200 கிலோன்னு வைங்க. அதுல 12 சதவீதம், 380 கிலோவுக்கு மேல கொக்கியில உட்காருது. கொக்கி அமைப்பே ஒரு 40 கிலோ. நாலு பேர் 250 கிலோ. கூட்டிப் பாருங்க, 670. மீதி 30 கிலோவுல ஐஸ் பெட்டி, பெட்ரோல் கேன், விறகு, மடக்கு நாற்காலி எல்லாம் டிரக்குல போகணும். இன்னும் ஒரு நாய் ஏறினாக் கூட கணக்கு இடிக்கும்.

டிரக்கோட பின்தொட்டிக்குள்ளேயே வந்து உட்கார்ற 'ஃபிஃப்த் வீல்' டிரெய்லர் இதைவிட நிலையா ஓடும். குதிரை வண்டியில முன்னச்சு திரும்பறதுக்குப் படுக்கையா ஒரு வளையம் வைப்பாங்க, அஞ்சாவது சக்கரம்னு. அந்தப் பேர்தான் இது. ஆனா அதுல முன்பாரம் 20 சதவீதம் வரைக்கும், அதுக்கு மேலயும் போகும். அரை டன் வண்டிக்கு அது ஆகாது. அந்தப் படத்தை உடனே தள்ளிட்டேன்.

நான் சொன்னது மூணாவது படம், அவன் சும்மா அனுப்பினது: 14 அடி திறந்த டிரெய்லர். ரெண்டு குவாடும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா நிக்கும், எல்லாம் சேர்த்தாலும் ஒண்ணேகால், ஒண்ணரை டன்தான். அதுலயும் தனி பிரேக் இருக்கறதாப் பார்த்து எடுக்கச் சொன்னேன். பல மாநிலங்கள்ல 1,360 கிலோவுக்கு மேல போனா சட்டமே கேட்குது. ராத்திரிக்கு நல்ல கூடாரம். "அம்மாவும் நீங்களும் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போய் வண்டிக்கடியில படுத்த மாதிரியா மாமா?"ன்னான். ஆமாண்டா, சித்திரை மாசம் அப்படித்தான் மூணு நாள் படுத்தோம், வண்டிக்கடியில வைக்கோல் விரிச்சு. உன் பொண்டாட்டியைக் கேட்டுட்டு முடிவு பண்ணுன்னேன். அந்தம்மாவுக்குக் கழிப்பறை வேணும்னா, டாய் ஹாலர்தான். ஆனா அப்ப டிரக்கையும் பெருசா மாத்தணும். அந்தச் செலவைச் சேர்த்து வச்சுக்கிட்டுத்தான் விலையைப் பேசணும்.

எதை வாங்கினாலும் கனமான குவாடு முன்னாடி, ரெண்டும் நாலு மூலையிலயும் பட்டை போட்டு இறுக்கி. முதல் தடவை முழுச் சுமையோட எடைமேடையில ஏத்திப் பார்க்கணும். நம்ம ஊர்ல கரும்பு வண்டி, மக்காச்சோள வண்டி ஏர்ற அதே மேடைதான். அங்க நெடுஞ்சாலையில லாரிகள் நிக்கற இடத்துலயே இருக்கு; ஒவ்வொரு அச்சுக்கும் தனித்தனியா சீட்டு தருவான். முதல்ல டிரெய்லர் மாட்டி, டிரக்கோட ரெண்டு அச்சு எடையையும் கூட்டி எழுதிக்கணும். அப்புறம் டிரெய்லரைக் கழட்டி வச்சுட்டு, அதே ஆட்களோட டிரக்கை மட்டும் ஏத்தணும். முதல் எடையில ரெண்டாவதைக் கழிச்சா முன்பாரம். 10 சதவீதத்துக்குக் கீழ வந்தா அங்கேயே பட்டையை அவிழ்த்து, குவாடை ஒரு சாண் முன்னாடி தள்ளிட்டு மறுபடி ஏத்தணும்.